ஒப்பாரிக்கு ஒத்திகை கிடையாது

அப்பா திருமங்கலத்தில் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் 60 நிமிடக் கேசட் தயாராக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டெக்கில் சத்த அளவைக் காட்டி ஆடும் இரண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. "முள்ளு செவப்பத் தொடணும்டா, தொடாட்டி பாட்டுக்குப் பின்னாடி உஸ்ஸுன்னு கேக்கும்" என்பார். டேப்புக்கு அது சரியான பாடம். டேப்பின் இரைச்சல் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டை ஏற்றிப் பதிந்தால்தான் அது அமுங்கும். கொஞ்சம் மிஞ்சிப் போனாலும் டேப் பொறுத்துக்கொள்ளும்.

அந்தப் பாடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில்தான் அத்தையின் தாலாட்டு வீணாய்ப் போனது.

அத்தைக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கண் ஆபரேஷனுக்கு மதுரை வந்தவர், அது முடிந்து எங்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தார். ஒருநாள் என் மகளை மடியில் போட்டு அவர் பாடியதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கண்டென்சர் மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் எல்லாம் எடுத்து வைத்து, "ஒரு வரி பாடுங்க அத்தை, லெவல் பாக்கணும்" என்றேன். கூச்சத்தில் பாதிக் குரலில் முனகினார். நானும் அப்பா பிள்ளையாக, அந்த முனகலுக்கே சிவப்பு எட்டும் வரை கெயினை, அதாவது மைக்கின் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகி வைத்தேன். அப்புறம் தாய்மாமன் சீரை அடுக்குகிற இடம் வந்தது. குரல் எழும்பியது. பதிந்ததைத் திரையில் பார்த்தால், கதிர் அறுத்த வயல் மாதிரி அலைகளின் தலை எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. கேட்டால் கிழிசல்.

டிஜிட்டலில் 0 என்பது கூரை. அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. அதனால்தான் மீட்டரில் எல்லாம் மைனஸில் இருக்கிறது. கூரையில் இடித்த சத்தத்தைப் பிறகு குறைத்து வைத்தால் சின்னக் கிழிசலாகக் கேட்கும், அவ்வளவுதான். ஸ்டுடியோக்களில் பழைய முள் மீட்டரின் 0-வை டிஜிட்டலில் -18 அல்லது -20 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) நேராக வைப்பார்கள். ஆக, அப்பாவின் சிவப்பு தொடங்குகிற இடத்துக்கு மேலேயே எக்கச்சக்கமாக இடம் காலியாகக் கிடக்கிறது. கீழே இரைச்சல் வருமே என்ற பயமும் வேண்டாம். சத்தத்தை எழுதும் எண்ணின் ஓர் இலக்கம்தான் பிட். ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல் என்ற கணக்கில், 24 பிட்டில் பதிந்தால் ஏட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் போடும் சத்தத்துக்கு முன்னால் கருவியின் இரைச்சல் ஒன்றுமே இல்லை.

(இன்னொன்று. ஹெட்போன் குமிழைத் திருகிவிட்டு லெவல் சரியாகிவிட்டது என்று நான் நம்பிய நாட்களும் உண்டு. அது நம் காதுக்கு மட்டும். பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

அடுத்த முறை அத்தையின் ஊருக்கே போனேன், ஒப்பாரி பதிய. இரண்டு நிபந்தனை போட்டார். "வீட்டுக்குள்ள வச்சு ஒப்பாரி பாடக் கூடாது மருமகனே." சரி, பின்பக்கம் மாட்டுத் தொழுவம் என்று முடிவானது. இரண்டாவது, ஒத்திகை கிடையாது. "அழுகையப் பாடிப் பாப்பாகளாய்யா?" மாமாவை நினைத்துப் பாடப் போகிறார். நான் என்ன சொல்ல?

பாடவே பாடாத குரலுக்கு லெவல் எப்படி வைப்பது? யோசித்துவிட்டு, "அத்தை, தெருவுல வெளாடுற பேரனக் கூப்பிடுங்க" என்றேன். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. "ஏலேய்" என்று ஒரு குரல், மீட்டர் -8 வரை ஏறியது. துக்கத்தில் அதையும் தாண்டக்கூடும் என்று தோன்றியது. கெயின் குமிழை இறக்கிவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். இப்போது -14. அதோடு குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பாட்டுக்கு நடுவில் திருகினால் பின்னால் ஒட்டவைக்கவே முடியாது.

மைக்கை எங்கே வைப்பது என்பதற்குத்தான் அதிகம் யோசித்தேன். ஒப்பாரி வைக்கிறவர் அசையாமல் உட்கார மாட்டார். முன்னும் பின்னுமாக ஆடுவார். ஒரு முழத்தில் இருக்கும் வாய் அரை முழத்துக்கு வந்தால் சத்தம் 6 டெசிபல் வரை கூடிவிடும். அதனால் ஒன்றரை முழம் தள்ளி வைத்தேன். தூரத்தில் வைத்தால் அதே ஆட்டத்துக்கு அவ்வளவு ஏற்ற இறக்கம் வராது. அதற்கு விலை, சுற்றுவட்டாரச் சத்தமும் சேர்ந்து விழும். திறந்த தொழுவம் என்பதால் எதிரொலி இல்லாதது ஒரு நன்மை.

நாற்பது நிமிடம் பாடினார். குரல் -9-ஐத் தாண்டவில்லை. நான் எதிர்பார்க்காதது அவர் கை. மார்பில் அறைந்துகொண்ட ஒவ்வொரு முறையும் மீட்டர் குதித்தது, ஒரு தடவை -5 வரை. வீட்டில் வைத்த மாதிரி வைத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். பிற்பாடு அறைந்த இடங்களை மட்டும் இறக்கிவிட்டு முழுவதையும் 7 டெசிபல் ஏற்றினேன்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை மாட்டியவுடன், "முள்ளு எங்க நின்னுச்சு?" என்றார்.

"மைனஸ் ஒம்பதுப்பா."

"மைனஸா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். தன் தங்கை அழுவதைக் கடைசி வரைக்கும் கேட்டார். கழற்றிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கோழிய வெரட்டியிருக்கலாம்ல" என்றார்.