படிப்பு ஏறலைன்னா பட்டறையா?

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் மோட்டார் ரீவைண்டிங் (எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும்) பட்டறைக்கு அப்பாக்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். “பையனுக்குப் படிப்பு ஏறலை அண்ணே. உங்ககிட்டயாவது தொழில் கத்துக்கட்டும்” என்பார்கள். பக்கத்தில் அந்தப் பையன் தலைகுனிந்து நிற்பான். எனக்கு வருத்தமாக இருக்கும். படிப்பில் தோற்றவனுக்குக் கொடுக்கும் தண்டனையா தொழில்?

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்பு விவசாயி. அவருடைய 7.5 எச்.பி. மோட்டார் அடிக்கடி எரிந்துகொண்டே இருந்தது. வேறொரு பட்டறையில்தான் ரீவைண்டிங் செய்துவந்தார். பிரித்துப் பார்த்தேன், கைவேலையில் குறையே சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். என்னிடம் வேலை செய்யும் ஐ.டி.ஐ. பையன்தான் கேட்டான், “ஸ்டார்ட்டர்ல இருந்து மோட்டார் எவ்வளவு தூரம்?” புதுக் கிணற்றுக்காகப் பழைய கொட்டகையிலிருந்து 300 மீட்டருக்கு மெல்லிய 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிள் இழுத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய கேபிள் என்றால் வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். ஸ்டார்ட்டரில் 400 வோல்ட். மோட்டார் ஓடும்போது அதன் டெர்மினலில் 365தான். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும். கரன்ட் 10 சதவீதம் கூடினால் காயிலில் சூடு 21 சதவீதம் கூடும். கேபிளைத் தடிமனான 6 ஸ்கொயர் எம்எம்முக்கு மாற்றச் சொன்னோம். அதற்கப்புறம் அந்த மோட்டார் பட்டறைக்கு வரவில்லை. அவன் அந்தக் கணக்கைப் புத்தகத்தில்தான் படித்தான்.

அதே புத்தகத்தில் “காப்புக்குச் சேதம் வராமல் காயிலை ஸ்லாட்டில் செருகவும்” என்று ஒரு வரி இருக்கும். காப்பு என்றால் கரன்ட் கசியாமல் தடுக்கும் உறை, ஸ்லாட் என்றால் காயில் உட்காரும் பள்ளம். அந்த ஒரு வரி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஸ்லாட்டுக்குள் லெதராய்ட் என்னும் காப்புப் பேப்பரை மடித்து வைத்து, எனாமல் பூசிய கம்பிகளை மொத்தமாகத் தள்ளாமல் சிலசிலவாக விரல் நுனியில் பிரித்து உள்ளே விட வேண்டும். மேலே மூங்கில் குச்சி இறுக்கும்போது அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நகம் பட்டு எனாமல் உரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் ஊற்றி, காய வைத்து, மெகர் (காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும், சில சமயம் அப்போதும் தெரியாது. பொறியியல் முடித்த பிள்ளைகள் சிலர் இங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நாலு வருடப் படிப்பில் ஒரு மோட்டாரைக்கூடத் திறந்து பார்க்க விடவில்லை என்று அவர்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பிள்ளைகள் மேல் இல்லை.

“அப்போ பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் தொழில்னு வச்சுடலாமே” என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது அப்படி ஒன்று வந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி விலகி, காமராஜர் வந்ததும் திட்டத்தை எடுத்துவிட்டார். எதிர்த்தது நியாயம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பு தைக்கவும், கணக்கு எழுதுபவர் மகன் கணக்கு எழுதவும் கற்பதற்குப் பெயர் தொழிற்கல்வி இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் திறந்திருக்க வேண்டும், வக்கீல் மகள் கையிலும் ஸ்பேனர் இருக்க வேண்டும். காந்தி 1937-இல் வார்தாவில் பேசிய ஆதாரக் கல்வியில் எனக்குப் பிடித்ததும் இதுதான்: கைத்தொழில் வழியாகவே பாடம், அதுவும் எல்லாருக்கும்.

அதனால் இந்த வருடம் பையனோடு வந்த அப்பாக்களிடம் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறேன். முதலில் ஐ.டி.ஐ.யில் சேருங்கள், லீவு நாளில் பட்டறைக்கு அனுப்புங்கள். இங்கே வந்தாலும் நோட்டும் பேனாவும் கொண்டுவர வேண்டும். எரிந்த காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ் (தடிமன்), பிட்ச் (காயிலின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எத்தனை ஸ்லாட்) எவ்வளவு என்று எழுதி, ஏன் அப்படி என்றும் எனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர்கள் சரி என்றார்கள்.