இருப்பு: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி இன்றோடு முடிகிறது. நாளை ஆவணி 1. நாளைக்குத்தான் அந்த நேரடி விற்பனைக் கம்பெனியில் ஐடி போட்டுச் சேர வேண்டும் என்று, என்னைச் சேர்த்துவிடுகிற அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஆன்லைன்ல என்னம்மா ஆடி, ஆவணி" என்றார். எனக்கு உண்டு.

வளையல் ஒன்று அடகில். 9,900 ரூபாய். ரசீது அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பெட்டி வந்தது. அப்பா கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினேன். பாத்திரம் விளக்கும் திரவம் 12. தரை துடைப்பது 6. பற்பசை 10. குளியல் சோப்பு 24. புரோட்டீன் பவுடர் 2. எனக்கு ஆன விலை 9,744. எல்லாம் எம்.ஆர்.பி.க்கு விற்றால் 12,180. ஆக 2,436 மிஞ்சும். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், அதேதான்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். 31 வருடம் வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவர். வாய் குழறினாலும் அந்த ஒரு சொல் தெளிவாக வருகிறது. "இருப்பு?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நூறு பேர் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறார் அக்கா. சொந்தம், படித்தவர்கள், பஸ்ஸில் பழக்கம், பால்காரர் வரைக்கும். 41 வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே "இவரால் எவ்வளவு முடியும்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. சித்தி பெயருக்கு நேரே என்ன எழுதுவது? எனக்குப் பிரசவம் பார்த்தவர் சித்தி. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

அப்பாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு 10 மணிக்குக் கிளம்பினேன். 12க்குள் திரும்ப வேண்டும். ஆட்டோ போக 60, வர 60.

மதினிக்கு முறுக்கு கொண்டுபோனேன். ஆசையாக உட்கார வைத்தார். காபி தந்தார். பிள்ளையின் மார்க் பற்றிப் பேசினோம், அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் இருப்பது பற்றிப் பேசினோம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தியா எவ்வளவு பாக்குறே" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்த நேரத்தில்தான் பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், மனசு இளகும்போது.

மதினி கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போய் 340 ரூபாய் கொண்டுவந்தார். என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

12.10க்குத்தான் வீடு வந்தேன். அப்பா அதே பக்கத்தில் கிடந்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மதினிக்கு நேற்றே மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இரவு 9 மணிக்கு ஜூம் மீட்டிங். 140 பேர். கோட் போட்ட ஒருவர் ப்ளான் காட்டினார். பொருள் விற்பதைப் பற்றி ஐந்து நிமிடம், ஆள் சேர்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம். நீங்கள் 6 பேர், அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேர், அவ்வளவுதான், அப்புறம் தூங்கும்போதும் பணம் வரும் என்றார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

மீட்டிங் முடிந்ததும் பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்தேன். 6. 36. 216. 1,296. 7,776. 46,656. 2,79,936. எட்டாவது படியில் 16,79,616. எல்லாப் படியையும் கூட்டினால் 20,15,538 பேர். நம் விருதுநகர் மாவட்டத்துக்கே 2011 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 42 ஆயிரம் பேர்தான். கைக்குழந்தை, கட்டிலில் கிடக்கிற அப்பா, எல்லோரையும் சேர்த்து. எட்டுப் படி இறங்குவதற்குள் ஊரில் ஆளே மிச்சமில்லை. கடைசிப் படியில் நிற்கிற பதினாறு லட்சம் பேர் யாரிடம் போய் விற்பார்கள்? அவர்கள் வீட்டிலும் ஒரு மூலையில் இப்படி ஒரு பெட்டி இருக்கும்.

அந்தக் கோட் போட்டவருக்கு இந்தப் பெருக்கல் தெரியாமலா இருக்கும்?

மணி 1. அப்பாவைத் திருப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆறு, முப்பத்தாறு. பாத்திரம் விளக்கும்போதும் அதே ஓடுகிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இதற்குச் சட்டம் இருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021. அந்த வருடம் டிசம்பர் 28இல் வெளியானது. பிள்ளை போனில் எடுத்துக் கொடுத்தாள், மதியம் முழுக்க அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்த்ததற்காகப் பணம் ஓடும் பிரமிடு திட்டம் நடத்தக் கூடாது. விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன்கூட்டிக் கேட்காமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே நான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறேன் என்று உண்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

தொடங்கும்போதே.

இதைப் படித்ததும் மதினி கையை எடுத்துக்கொண்டதுதான் கண்ணில் நின்றது. டெல்லியில் உட்கார்ந்து யாரோ எழுதியது, மதினி வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்து, மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டேன். "கட்டாயம் இல்லம்மா. ஆனா ஆக்டிவா இருக்கணும்ல?" என்றார். அடையாள அட்டை கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாம் வீட்டு டீச்சருக்குப் போன் செய்தேன். "டீச்சர், பாத்திரம் விளக்குற லிக்விட் விக்கிறேன். காட்டுறதுக்கு வரலாமா? பிடிக்கலேன்னா வாங்க வேண்டாம்." இவ்வளவுதான். சொல்லும்போது தொண்டை அடைத்தது, சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. "சாயந்திரம் வாங்க" என்றார்.

டீச்சர் அடிப்பிடித்த பால் சட்டியை எடுத்து வைத்திருந்தார். அவர் வீட்டு போர் தண்ணீரிலேயே தேய்த்துக் காட்டினேன். இந்த ஊர்த் தண்ணீர் உப்பு. சாதாரண சோப்பு இதில் நுரைக்காது, தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து, வெள்ளையாகத் தட்டில் படியும். இந்தத் திரவம் அப்படித் திரியாது. அது இந்தக் கம்பெனியின் மகிமை இல்லை, எந்தக் கம்பெனி லிக்விடும் அப்படித்தான் என்பதையும் சொன்னேன். இது கெட்டியானது, தண்ணீர் கலந்து ஊற்றினால் அதிக நாள் வரும், வித்தியாசம் அதுதான் என்றேன்.

2 பாட்டில் வாங்கினார். கார்பன் வைத்துச் சிட்டை எழுதிக் கொடுத்தேன். குளியல் சோப்பு ஏன் நகரவில்லை என்பதும் இன்றைக்குத்தான் புரிந்தது. அதே உப்புத் தண்ணீர்தான்.

பாத்திர லிக்விட் இருப்பு 8. காட்டுவதற்கு உடைத்த பாட்டில் தனி.

செப்டம்பர் 5, வியாழன்

மாடி வீட்டு அம்மா ஒன்று வாங்கினார். தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றிவிட்டு, "சீக்கிரம் தீந்துடும் போலயே" என்றார். தப்பு என்னுடையது. பாட்டில் முழுக்க இங்கிலீஷ். இனி ஒவ்வொரு பாட்டிலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கலப்பதற்கு ஒரு காலி பாட்டில், கோடு போட்டு, சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் கிடந்த காலி பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அப்பா அரைக் கொழுக்கட்டை சாப்பிட்டார். இருப்பு 7.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று அக்காவோடு சண்டை. சண்டை என்றால், நான்தான் குரலை உயர்த்தினேன்.

பின் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குச் சர்க்கரை. அவரிடம் புரோட்டீன் பவுடரைக் கொடு என்கிறார். "மூணு மாசத்துல மாத்திரையே வேண்டாம்னு சொல்லு. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒரு டப்பா வித்தா 310 உனக்கு."

என்னால் முடியாது. சர்க்கரையைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதற்கே 1954இல் இருந்து தடைச் சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் முடியாது. அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்தியது யார் பேச்சைக் கேட்டு என்று எனக்குத் தெரியும். பழக்கமானவர்தான். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் சொன்னார், ஒரு பொடி டப்பாவோடு வந்திருந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அப்பா குளியலறையில் விழுந்தார்.

அந்த இரண்டு டப்பாக்களையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அப்பா கண்ணில் படக் கூடாது.

செப்டம்பர் 11, புதன்

அந்தப் பொடிக்காரரும் என்னை மாதிரி யாருக்காவது கீழே சேர்ந்த டவுன்லைனாக இருந்திருப்பாரோ.

செப்டம்பர் 14, சனி

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். சேர்ந்த 30 நாளுக்குள், சீல் உடையாமல் விற்கிற நிலையில் இருக்கும் பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்று 11ஆம் பக்கத்தில் இருக்கிறது. நாளையோடு 30. புரோட்டீன் 2, சோப்பு 18. மொத்தம் 3,272 ரூபாய். மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கூரியர் செலவு நம்முடையதாம், 210.

பத்தே நிமிடத்தில் அக்காவிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அழுதார். அவர் கட்டிலுக்கு அடியில் நாற்பதாயிரம் ரூபாய் சரக்கு இருக்கிறதாம். கம்பெனியில் தன் லெவல் இறங்கிப் போகாமல் இருக்க ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தன் காசிலேயே வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. "நீயும் திருப்பிட்டா என் லெவல் போயிடும்மா."

என்ன சொல்வது? என்னிடம் இருக்கிற சிட்டைப் புத்தகம் மாதிரி ஒன்று வாங்கி, இருப்பை முதலில் எழுதுங்கள் அக்கா, பாத்திர லிக்விட் இருந்தால் நான் இரண்டு பாட்டில் விற்றுத் தருகிறேன் என்றேன். வைத்துவிட்டார்.

இருப்பு 4.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. கம்பெனியிடமிருந்து ஒன்றும் இல்லை. மதினியிடமிருந்தும் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

அப்பாவுக்கு ஜுரம். 101.

செப்டம்பர் 20, வெள்ளி

101.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஜுரம் விட்டது. கஞ்சி குடித்தார். குடித்து முடித்ததும், "இருப்பு?"

பாத்திர லிக்விட் இல்லை அப்பா, தீர்ந்துவிட்டது என்றேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொல்லி 5 கேட்டார், 4 கொடுத்தேன், ஒன்று பாக்கி. அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். கணக்கு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 34 நாளில் விற்றதில் லாபம் 1,314. காட்டுவதற்கு உடைத்த பாட்டில் 272, ஆட்டோ 120, இரண்டும் போக 922 என்றேன்.

"அடகு வட்டி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளையல் விஷயம் அவருக்குத் தெரியும். என் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், இத்தனை நாளும். 99 போக 823 என்றேன்.

"கூரியர்?"

613.

அதைத்தான் எழுதச் சொன்னார். 922 என்று எழுதியதை அடித்துவிட்டு 613 என்று எழுதினேன். மூன்று வாரமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த எண்களை எல்லாம் விட இந்த ஒரு எண்ணை நான் நம்புகிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

திருப்பி அனுப்பிய சரக்குக்குப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு 2,945 போட்டிருக்கிறார்கள். 10 பாட்டிலுக்குப் போதும். அது மட்டும்தான் வாங்கினேன். வாட்ஸாப் குழுவில் யாரோ ஒருவர் கார் வாங்கிய படம். அக்கா அதற்குப் பூ போட்டிருக்கிறார். என்னிடம் பேசவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மதினிக்குப் போன் செய்தேன். மெசேஜில் சொல்லக் கூடாத விஷயம். "அன்னைக்கு உங்களைப் பாக்க வரல மதினி. விக்கத்தான் வந்தேன். வாசல்லயே சொல்லியிருக்கணும். நீங்க அப்பாவைப் பத்திப் பேசும்போது எடுத்தேன் பாருங்க, அது ரொம்பத் தப்பு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது, ஒன்று, இரண்டு. அப்புறம், "மாமாவுக்கு ஜுரம்னு உங்க அண்ணன் சொன்னாரே, இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

வேறு எதுவும் பேசவில்லை. அப்பாவுக்கு ரசம் சாதம் கொண்டுவருகிறாராம், புதன்கிழமை, அமாவாசை சமையல் முடிந்ததும்.

அக்டோபர் 1, செவ்வாய்

பெட்டி வந்தது. 10 பாட்டில். டீச்சருக்குப் பாக்கி இருந்ததைக் கொடுத்தேன். தமிழ்ச் சீட்டு எல்லாவற்றிலும் ஒட்டியாயிற்று. அடையாள அட்டையும் அதே பெட்டியில் இருந்தது, பெயரில் ஒரு எழுத்து தப்பு.

அக்டோபர் 2, புதன்

மதினி வந்தார்.

அக்டோபர் 3, வியாழன்

டீச்சர் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும் வருவார்கள். பையை எடுத்து வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து வைத்துவிட்டேன். வெற்றிலை பாக்கு மட்டும்.

அப்பாவை வலப்பக்கம் திருப்பியாயிற்று. மணி 5.20. இருப்பு 9.