மூன்றாம் சிலிண்டர்

மார்ச் 2, சனி

நண்பனின் ஸ்டேஷன் வேகனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும், பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். பின்கதவைத் தாங்கும் கம்பிகள் எப்போதோ செத்துவிட்டதால், கதவைத் தூக்கித் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறான். வேலை பார்க்கும்போது அதுவே எங்களுக்குக் கூரை, அதன் கீழே உள்ள தளமே மேஜை.

குறை பழையதுதான். நிற்கும்போது வண்டி முழுக்க உதறுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிறது. பானட்டைத் திறந்ததும் அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேராகக் கார்ப்பரேட்டருக்குப் போனான். இரண்டு வருடமாக இதே வைத்தியம். உதறினால் பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவில் அரைச் சுற்று, மறுபடி உதறினால் இன்னொரு அரைச் சுற்று.

ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்தேன். கார்ப்பரேட்டர் கடைசியில்தான். கொஞ்சம் முறைத்தான்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று கம்ப்ரெஷன் பார்த்தோம், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மிதிக்க மறந்தால் காற்று உள்ளே போகாது, எல்லாச் சிலிண்டரும் நோயாளி போலத் தெரியும். முதல் தடவை அவன் மறந்தான்.

இரண்டாம் தடவை psi கணக்கில் வந்தது: 150, 145, 110, 150. மூன்றாம் சிலிண்டர் தனியாகத் தொங்குகிறது. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு எகிறும். 115-க்கு மேல் நகரவில்லை. குறை ரிங்கில் இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, ஆயிலும் பால் போலக் கலங்கவில்லை. அதனால் என் சந்தேகம் வால்வின் மேல்.

கழற்றிய பிளக் நான்கும் அடுப்புக் கரி நிறம். உலர்ந்த கரி, பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். இரண்டு வருட அரைச் சுற்றுகளின் கணக்கு அது. அவனிடம் நீட்டினேன், பேசாமல் வாங்கிப் பார்த்தான்.

மார்ச் 9, சனி

டாப்பெட் நாள், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் நாள். இரவு முழுக்க ஆறிய இன்ஜின்தான் வேண்டும், இந்த வண்டிக்கான அளவு குளிர்ந்த நிலைக்குச் சொன்னது. அதனால் வண்டியைத் தொடவே கூடாது என்று நேற்றே சொல்லிவைத்திருந்தேன்.

வெடிக்கும் வரிசை 1-3-4-2. இதில் ஒரு குறுக்குவழி உண்டு: ஆடும் சிலிண்டரையும் சரிசெய்யும் சிலிண்டரையும் கூட்டினால் ஐந்து. நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் அந்தத் தருவாயில், ஒன்றாம் சிலிண்டரைச் சரிசெய்யலாம். இரண்டாம் சிலிண்டர் இப்படி ஆடும்போது மூன்றாவது. இதைச் சொன்னதும் கணக்கு வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தான். அப்புறம் அவனே கிராங்க் புல்லியைத் திருப்பி "இரண்டு ஆடுது, மூன்றை எடு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இருக்க வேண்டிய இடைவெளி 0.40 மி.மீ. ஃபீலர் கேஜில் 0.05 தகடுகூட நுழையவில்லை.

"இதுலதான் டிக்டிக்னு சத்தமே வரலையே, நல்லாத்தானே இருந்தது?"

அதுதான் வில்லங்கம். இடைவெளி அதிகமான டாப்பெட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகியது வாயைத் திறக்காது. வருடக்கணக்கில் வால்வு தான் உட்காரும் சீட்டுக்குள் மெல்ல அமிழ்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். இன்ஜின் சூடானதும் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசியும். சீட்டில் படிந்தால்தான் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்கும். படியாத வால்வு கருகிப்போகும். இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வந்திருக்கும்.

இடைவெளியை 0.40-க்கு வைத்து, சாயங்காலம் சூடாக்கி மறுபடி கம்ப்ரெஷன்: மூன்றில் 140. அவன் முகத்தில் இந்த மாதத்தின் முதல் சிரிப்பு.

மார்ச் 10, ஞாயிறு

புது பிளக், புது பாயின்ட், கண்டன்சர். பாதி நேரம் ஒரு ஸ்க்ரூவைத் தேடுவதில் போனது. பாயின்ட்டைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ என் விரலிலிருந்து நழுவி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்துவிட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே அரைபட்டுவிடும். தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் நுனியில் காந்தம் ஒட்டி, முக்கால் மணி நேரம். அவன் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிய பாவம் எனக்கே திரும்பியது.

பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரமும், கூடவே நகரும். அதனால் பாயின்ட் முதலில், டைமிங் பிறகு. டைமிங் லைட் பிடிப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினேன். கையோடு இரண்டாக முறிந்து வந்தது, ரப்பர் அப்பளமாகியிருந்தது. பெட்ரோலைக் குடித்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் இருக்க வேண்டிய டைமிங் 2-இல் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினதும் இன்ஜின் குரலே மாறியது.

மார்ச் 16, சனி

கடைசியாகக் கார்ப்பரேட்டர். ஸ்க்ரூடிரைவரை நானே அவன் கையில் கொடுத்தேன்.

மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே விடச் சொல்லிச் சுற்றுகளை எண்ணினோம். நாலரை! இறுக்கிவிட்டால் ஊசி முனை கெட்டுவிடும், அதனால் உட்கார்ந்தது தெரிந்ததும் நிறுத்தினான். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட். கால் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காதால் பிடித்தான். இரண்டு சுற்றில் நின்றது. ஐடிலிங்கை 800-க்கு இறக்கினோம். பின்கதவின் துடைப்பக் கட்டைகூட ஆடவில்லை.

மார்ச் 18, திங்கள்

இரவு போன். "ஏற்றத்துல மூணாவது கியர்லயே போகுதுடா. ஆனா பின்னாடி ஏதோ கடகடன்னு சத்தம். முன்னாடி இல்லவே இல்ல."

முன்னாடியும் இருந்திருக்கும், அந்த உதறலில் யாருக்குக் கேட்டது? ஸ்டெப்னி குழியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி போன். ஜாக்கியைப் பிடிக்கும் போல்ட் கழன்று கிடந்ததாம்.