செபம்னா ஞாயிறு பூசை மட்டும் இல்லீங்க

கத்தோலிக்கர்னா ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதோட சரின்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா காலைல கண்ணு முழிச்சதும் போடுற சிலுவை அடையாளத்துலயே செபம் ஆரம்பிச்சிடும், அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, வண்டிய ஸ்டார்ட் பண்றப்ப ஒண்ணு.

காலை 6, மதியம் 12, சாயங்காலம் 6 மணிக்கு மாதாவ நோக்கிச் சொல்ற மூவேளை செபம். உயிர்ப்புக் காலத்துல, அதாவது ஈஸ்டர் காலத்துல மட்டும் அதுக்குப் பதிலா 'விண்ணக அரசியே'ங்கிற மாதா செபத்தச் சொல்லுவாங்க.

ராத்திரி ஆச்சுன்னா குடும்பமா ஜெபமாலை, அதுல திங்களும் சனியும் சந்தோஷ தேவ ரகசியம் (ரகசியம்னா இயேசு, மாதா வாழ்க்கைல நாம தியானிக்கிற நிகழ்ச்சிகள்), செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமைன்னு ஒரு டைம்டேபிளே இருக்கு, வியாழனுக்கான ஒளியின் ரகசியங்கள 2002ல தான் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்தாரு. பத்துப் பத்து மணியா அஞ்சு பிரிவு, ஆரம்பத்துல சொல்ற மூணும் சேர்த்து மொத்தம் 53 'அருள்நிறைந்த மரியே' செபம்! சின்னப் பசங்க மூணாவது பத்துலயே தூங்கி விழும், அதெல்லாம் மாதா கண்டுக்க மாட்டாங்கன்னு தான் நான் நினைக்கிறேன்.

குருக்களும் துறவியரும் இதுக்கு மேல தினமும் திருப்புகழ்மாலை, அதாவது நாளோட வெவ்வேறு நேரத்துக்குன்னு இருக்கிற திருச்சபை செபங்கள சொல்லணும், அதுல பெரும்பாலும் சங்கீதங்கள் தான். பொதுமக்களும் தாராளமா சொல்லலாம், இப்ப மொபைல் ஆப்லயே கிடைக்குது.

படுக்கப் போறப்ப அன்னைக்கு நடந்தத யோசிச்சுப் பார்த்து ஒரு ஆத்தும சோதனை, எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான், புக்கும் வேணாம் ஜெபமாலை மணியும் வேணாம்.