பெரியப்பா தண்ணீர் கேட்ட மெட்டு

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சோறு வேணுமா என்றாலும் "இல்ல", போதுமா என்றாலும் "இல்ல", வாயில் வந்தது அது ஒன்றுதான். நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை, ஆனால் பார்க்க வருபவர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள், சிலர் குழந்தையைப்போலக் கொஞ்சுவார்கள், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு நாள் சாயங்காலம், ரங்கூனில் வழக்கம்போலக் கரண்ட் இல்லை. பெரியம்மா விளக்கேற்றிக்கொண்டே காவடிச் சிந்து ஒன்றை முணுமுணுத்தார். அடுத்த அடி கட்டிலிலிருந்து வந்தது! ஒரு சொல்லும் சிதையவில்லை, கோயில் பஜனையில் கேட்ட அதே குரல். பெரியம்மா தீப்பெட்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். பேச்சை உருவாக்கும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கம் இருக்கிறது, பிரான்சில் பால் புரோக்கா என்ற மருத்துவர் 1865-லேயே இதைக் கண்டு சொன்னார். வலது கையை இயக்குவதும் அந்தப் பக்கம்தான், அதனால்தான் பலருக்கு இரண்டும் சேர்ந்தே போகின்றன. பாடுவதற்கோ வலது பக்கமும் கூட உழைக்கிறது. இதை வைத்து பாஸ்டனில் ஒரு பயிற்சியை உருவாக்கி 1973-ல் வெளியிட்டார்கள்: தேவையான சிறு வாக்கியத்தை மெட்டில் ஏற்றி, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்டியபடி பாடவைப்பது, போகப்போக மெட்டைக் குறைத்துப் பேச்சாக்குவது. பழைய பாட்டைப் பாடினால் மட்டும் பேச்சு திரும்பிவிடாது, இதைச் சொல்லியாக வேண்டும். பேச்சுப் பயிற்சி தருபவர் கிடைத்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

சும்மா கேட்பதற்கும் பலன் உண்டு. பின்லாந்தின் ஹெல்சின்கியில் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த பிறகு இரண்டு மாதம் தினமும் பிடித்த பாட்டைக் கேட்டவர்களுக்கு, கேட்காதவர்களைவிடச் சொல் நினைவு நன்றாகத் தேறியது, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அதனால் கரண்ட் வரும் நேரத்தில் முதலில் சார்ஜ் ஏறுவது எங்கள் வீட்டில் பெரியப்பாவின் ஸ்பீக்கர்தான்.

"தண்ணி வேணும்" என்பதைச் சிந்தின் முதல் நாலு தட்டில் போட்டோம். தண். ணி. வே. ணும். மூன்று வாரம் "தண்" தாண்டவில்லை, அவருக்குக் கண் கலங்கும், சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். நாலாவது வாரம் ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தபோது கட்டில் சட்டத்தில் நாலு தட்டு கேட்டது, கூடவே குரலும். செம்பை நிரப்பிக்கொண்டு ஓடினேன்.