இன்குபேட்டர் பக்கத்துக் குறிப்புகள்

அக்டோபர் 16, 2025

லாஸ் ஏஞ்சல்ஸில் மரபணு சிகிச்சை ஆய்வு செய்யும் மருத்துவர் டொனால்ட் கோன் குழுவின் கட்டுரை வந்துவிட்டது. காலையில் லேபில் ஒருவரும் பிப்பெட்டைத் தொடவில்லை. எல்லோரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏடிஏ என்ற என்சைமின் குறைபாட்டால் நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்த 62 குழந்தைகள். 2012 முதல் 2019 வரை லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், பெத்தெஸ்டா ஆகிய இடங்களில் மரபணு சிகிச்சை பெற்றவர்கள், அதாவது அவர்களுடைய செல்லிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தப்பட்டவர்கள். 62 பேரும் உயிரோடு இருக்கிறார்கள். 59 பேருக்குச் சிகிச்சை பலித்திருக்கிறது.

நான் முதலில் தேடியது ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைத்தான், முன்பு இதுபோன்ற ஒரு சிகிச்சைக்குப் பிறகு வந்த நோய் அது. ஒருவருக்கும் வரவில்லை.

அக்டோபர் 18

கோனின் பழைய கட்டுரைகளைத் தோண்டினேன். 1990 செப்டம்பரில் பெத்தெஸ்டாவில் நான்கு வயதுச் சிறுமிக்குச் செய்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் மரபணுவைச் சேர்த்தது டி செல்களில், அதாவது கிருமியோடு போராடும் ரத்த வெள்ளையணுக்களில். அவற்றின் ஆயுசுக்கு ஓர் எல்லை உண்டு. ஊற்றுக்கண்ணான ஸ்டெம் செல்லில் சேர்த்தால்தான் வாழ்நாள் முழுக்க ஓடும். 1993இல் கோன் அதைத்தான் செய்து பார்த்தார். கருவில் இருக்கும்போதே நோய் தெரிந்த மூன்று குழந்தைகள். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்து செல் எடுத்து, மரபணுவை ஏற்றி, சில நாட்களில் திருப்பிச் செலுத்தினார்கள். செல்கள் உடம்பில் தங்கின, ஆனால் மிகக் குறைவாக. இல்லாத ஏடிஏவை ஈடுகட்டப் போடும் என்சைம் ஊசியை நிறுத்த முடியவில்லை.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடங்கள் கழித்தும் அந்தச் செல்கள் ரத்தத்தில் இருந்தன. போதாமல் போனது இடம்தான். எலும்பு மஜ்ஜையில் பழைய செல்கள் நிறைந்திருந்தால் புதியவை எங்கே உட்காரும்? மிலான் குழு 2002இல் மஜ்ஜைச் செல்களை அழிக்கும் புசல்ஃபான் மருந்தைக் குறைந்த அளவு கொடுத்து இடம் ஒழித்துக் காட்டியது. கோனும் அந்த வழிக்கு வந்தார்.

அக்டோபர் 23

இன்று முழுக்க செல் வேலை. மைனஸ் 80இல் இருந்து, மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் லென்டிவைரஸின் குப்பியை எடுத்தால், உள்ளே கடைசிப் பனித்துணுக்கு கரையும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. பிறகு பிங்க் நிற ஊடகத்தில் மிதக்கும் சிடி34 செல்களோடு (ரத்த ஸ்டெம் செல்கள் அடங்கியவை) கலந்து இன்குபேட்டருக்குள். ஒரு செல்லில் மரபணு எத்தனை பிரதி ஏறியது என்பது பின்னால்தான் தெரியும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் ஆபத்து.

உறைய வைத்த செல்லை நோயாளிக்கு ஏற்றும்போது அறையே பூண்டு வாசனை அடிக்கும். உறைபதத்துக்குச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓவின் வேலை அது. இவ்வளவு பெரிய சிகிச்சை, ஏற்றுவது என்னவோ சில நிமிட வேலைதான்.

அக்டோபர் 27

பாரிஸ் கதையை ஒதுக்க முடியாது. நெக்கர் மருத்துவமனையில் ஆலன் ஃபிஷரும் மரினா கவத்சானாவும் வேறொரு வகை நோய் எதிர்ப்புக் குறைபாட்டை மரபணு சிகிச்சையால் குணப்படுத்தியதாக 2000இல் அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய். மரபணுவைச் சுமந்த வைரஸ் போய் உட்கார்ந்த இடம், புற்றுநோயைத் தூண்டக்கூடிய எல்எம்ஓ2 மரபணுவுக்குப் பக்கம். வைரஸின் தூண்டி, அதாவது பக்கத்து மரபணுவை முடுக்கும் பகுதி, அதை முடுக்கிவிட்டது. மறைக்காமல் உடனே உலகத்துக்குச் சொன்னதற்காக ஃபிஷர் மீது எனக்குத் தனி மரியாதை. இன்று நாங்கள் கையாளும் வைரஸில் அந்தத் தூண்டியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

நவம்பர் 2

அம்மா போனில், "இந்த வைத்தியம் நம்ம ஊருக்கு எப்போப்பா வரும்?" என்றார். ஊரில் முதல் சிக்கல் வைத்தியம் இல்லை, கண்டுபிடிப்பது. அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்துளியிலேயே இந்த நோயைத் தேடுகிறார்கள். நம் ஊரில் பிறந்ததும் பிசிஜி போடுகிறோம். அது உயிருள்ள கிருமி. எதிர்ப்பு சக்தியே இல்லாத குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியே உடம்பெங்கும் பரவும் நோயாகிவிடலாம். அம்மாவிடம் இதை முழுசாகச் சொல்லவில்லை. "வரும்மா" என்றேன்.

நவம்பர் 5

புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள்: "இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, ஏன் அண்ணா இன்னும் மருந்தா வரல?" உரிமம் வாங்கிய நிறுவனம் நடுவில் கைவிட்டுவிட்டது என்றேன். நோய் அவ்வளவு அரிது. வாங்க ஆள் இல்லாத சரக்கு. இதே நோய்க்கு ஐரோப்பாவில் 2016இல் அனுமதி பெற்ற மருந்தின் விலை 5,94,000 யூரோ, அதையும் விற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. கோன் உரிமத்தைத் திரும்ப வாங்கி, கலிபோர்னியா மாநில ஸ்டெம் செல் நிதியின் உதவியோடு வேலையை மறுபடி தொடங்கினார். 1993இல் ஆரம்பித்தவர், இப்போது அனுமதிக்கான காகித வேலையில் இருக்கிறார்.

"அப்போ நாம படிக்க வேண்டியது பயாலஜி இல்லையா?" என்றாள். சிரித்தேன், பதில் சொல்லவில்லை.