உங்க இஷ்டம்க்கா

"அப்ப நாளைக்கு சென்டரு தொறக்கறதா வேணாமா சார்?"

2020 அக்டோபரில் குடியாத்தம் பக்கத்து அக்கா ஒருவர் போனில் கேட்டது இது. நான் காட்பாடி ஆபீஸ் மாடியில், சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தேன். அதற்கு முன் ஐந்தாறு நிமிடம் நான்தான் பேசினேன். அதில் பாதி மறந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"உங்க இஷ்டம்க்கா."

அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மீட்டிங்கில் வெளியாட்கள் இருந்தால்தான் சார். அன்றைக்கு லைனில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அந்த மாதம் என்ன நடந்தது என்று இந்தத் தொண்டு நிறுவனத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செப்டம்பரில் எஃப்சிஆர்ஏவை, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. கணக்கு டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு டெல்லியில் கணக்குத் திறக்க எங்கள் அக்கவுண்டன்ட் பட்ட பாடு தனிக் கதை. எங்களைப் போன்றவர்கள் ஐரோப்பாவிலிருந்து வாங்கிச் சின்னச் சின்னப் பார்ட்னர்களுக்குப் பிரித்துத் தருவதே பத்து வருட ஏற்பாடு. அது ஒரே மாதத்தில் நின்றது. அந்தப் பார்ட்னர்களில் ஒருவரிடம் அனிமேட்டராக, அதாவது சாயங்கால சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருந்தவர்தான் இந்த அக்கா. மாதம் 2,500 ரூபாய் ஹானரேரியம். சம்பளம் என்று எழுதக் கூடாது என்பார்கள். சம்பளம் என்றால் பிஎஃப் வரும்.

முறைப்படி இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் அவருடைய நிறுவனச் செயலாளர். அவர் போனை எடுக்கவில்லை. வருத்தத்தில் எடுக்கவில்லையோ, தப்பித்துக்கொள்ளத்தானோ. ஆகவே நான் பேசினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 'நான் பேசியிருக்க வேண்டியதே இல்லை, பேசினேனே' என்று எனக்கு நானே பல முறை பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறேன். அதன் கூடவே அந்த இரண்டு வார்த்தையும் வந்துவிடும்.

எங்கள் பக்கம் 'உங்க இஷ்டம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்த மகனிடம் அம்மா "உன் இஷ்டம்பா" என்றால் அது சம்மதம் இல்லை. கூலியைக் குறைத்துத் தரும் பீடி ஏஜென்ட் "உன் இஷ்டம், வேணும்னா இலைய எடு" என்றால் அங்கே இஷ்டத்துக்கு இடமே இல்லை. நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன்? திறங்கள் என்று சொன்னால் காசில்லாமல் வேலை வாங்குகிறவன் ஆவேன். வேண்டாம் என்றால் இருபத்திரண்டு பிள்ளைகளின் சென்டரை மூடியவன் ஆவேன். மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடம் வேறு கிடையாது. அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு எழுத்து கண்ணில் படும் ஒரே இடம் மாரியம்மன் கோயில் திண்ணைதான். ஆளுக்கொரு மாஸ்க்கோடு, சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை.

எனக்கு ஒரு சாக்கு தயாராக இருந்தது. பயிற்சியிலேயே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். மக்கள் சார்பில் நீ முடிவெடுக்காதே, கோலை, அதாவது முடிவெடுக்கும் உரிமையை, அவர்கள் கையில் கொடு. எத்தனை பயிற்சியில் கேட்டிருப்பேன்! பங்கேற்பு முறையை உலகெங்கும் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸே 1970-களில் எங்கள் வட ஆற்காட்டு நெல் விவசாயம் பற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வில் இருந்தவர்தான் என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் பெருமையாகச் சொல்வார். எங்கள் மண்ணில் கால் வைத்த சிந்தனை என்று எனக்கும் ஒரு பெருமிதம். மாவட்டம் பல துண்டாகப் பிரிந்து, எங்கள் பழைய ஃபைல்களில் மட்டும்தான் இன்னும் வட ஆற்காடு இருக்கிறது. அந்தப் பெருமிதமும் அந்த மாதிரிதான்.

கோலைக் கொடுத்தேன், சரி. பத்து வருடம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்த நிறத்தில் பேனர் வைக்க வேண்டும், பயனாளிப் பட்டியலில் யார் வரலாம் என்று எல்லாவற்றையும் நாங்கள்தான் சொன்னோம். அப்போதெல்லாம் கோல் யார் கையில் இருந்தது? பணம் தீர்ந்த அன்றைக்குத்தான் எனக்கு மக்கள் பங்கேற்பு ஞாபகம் வந்தது.

இதை இவ்வளவு கடுமையாக எழுதும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. நான் அன்று மாதம் பதினெட்டாயிரம் வாங்கிய ஆள். எங்கள் ஆபீஸிலேயே மூன்று பேருக்கு வேலை போனது. அடுத்தது நானா என்று தெரியாது. அந்த நிலையில் போனை எடுத்துப் பேசியவனிடம் இன்னும் என்ன எதிர்பார்க்க முடியும்?

அக்கா மறுநாள் சென்டரைத் திறந்தார். அதற்கு மறுநாளும்.

2021 மார்ச்சில் புராஜெக்ட் முடிவறிக்கைக்காக அந்தப் பக்கம் போனேன். தேர்தல் நேரம். ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திண்ணையில் பதினைந்து பதினாறு பிள்ளைகள். அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் முறம். முன்பும் பீடி சுற்றுவார், ஆனால் வீட்டில், பகலில். 2,500 நின்ற பிறகு மாலை இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் ஈரத் துணியில் சுற்றிய இலை, தகடு, கத்திரி. ஏழாம் வாய்ப்பாடு போய்க்கொண்டிருந்தது. "ஏழாறு?" என்று கேட்டபடியே அவர் விரல் இலையைச் சுருட்டி நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தது. கண் பிள்ளைகள் மேல்தான் இருந்தது, கையை அவர் பார்க்கவே இல்லை.

அவருக்கு இடப்பக்கம் ஒரு சின்னப் பெண், ஒன்பது வயது இருக்கும். முறத்திலிருந்து சுற்றிய பீடிகளை எடுத்து முனையை மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிச் செய்கிற மாதிரித் தெரியவில்லை. மடித்து, 25 சேர்ந்ததும் கட்டி, வரிசையாக அடுக்கினாள். "ஏழேழு நாற்பத்தொன்பது" என்று சத்தமாகச் சொன்னாள். மற்ற எல்லோரையும்விடச் சரியாகச் சொன்னவள் அவள்தான்.

முனை மடிப்பது சின்ன விரல்களுக்கு வாகான வேலை. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் காலகாலமாக அதில் சிக்கினார்கள். அதிலிருந்து பிரித்துக் கொண்டுவரத்தான் அந்தச் சென்டரே தொடங்கியது. எங்கள் புரொபோசலின் முதல் பக்கத்தில் இருந்த வாக்கியம் அது.

நான் பார்ப்பதை அக்கா பார்த்தார்.

"கைதான தம்பி வேல செய்யுது. வாய் படிக்குது பாரு."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது எழுதுவது எளிது. அன்றைக்கு அந்தப் பிள்ளையிடமிருந்து கட்டைப் பிடுங்கி வைக்க எனக்கு என்ன தகுதி என்றுதான் தோன்றியது. தகுதி இருந்தது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையில் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். நிதி நின்ற பிறகும் சமூகமே மையத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறது என்று. பொய் இல்லை. ஜூமில், பணம் தந்த ஐரோப்பிய நிறுவனத்தின் புராஜெக்ட் ஆபீசர் அம்மா ரொம்பச் சந்தோஷப்பட்டார். இத்தனை வருடம் சொல்லிவந்த நிலைத்தன்மை இதுதான் என்றார். படம் ஒன்று கேட்டார். அனுப்பினேன்.

படத்தில் முறம் இல்லை.

இதைப் பற்றி எனக்கு ஒரு கதை இருந்தது. நான் போனை எடுத்ததும் அக்காவே முறத்தைத் தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்தார், நான் எதுவும் சொல்லவில்லை என்று. மனைவியிடம், நண்பர்களிடம் எல்லாம் அப்படித்தான் சொன்னேன், நம்பியும் சொன்னேன். போன வருடம் பழைய போனிலிருந்து படங்களை மாற்றும்போது அன்றைய படம் இரண்டு கிடைத்தது. முதலாவதில் முறம் இருக்கிறது, அந்தப் பெண்ணின் கையில் கட்டும் இருக்கிறது. இரண்டாவதில் இரண்டும் இல்லை. நடுவில் நாற்பது நொடி. முதல் படத்தில் எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள். அக்காவும். அதாவது நான் எடுக்கிறேன் என்று தெரிந்தே முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்பது நொடியில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அங்கே அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். ஆனால் சொன்னதாக ஞாபகம் இல்லை, சத்தியமாக இல்லை. கையால் சாடை காட்டினேனோ என்னவோ.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது. தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அக்காவுக்குத்தான் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். தொடக்க வகுப்புகளுக்கே பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் பத்தாவது. அதே தெருவில் பிஎஸ்சி படித்த பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். நன்றாகவே நடத்தினாள். திண்ணை சென்டர் அத்தோடு நின்றது. ஒரு வருடத்துக்கும் மேல் அக்கா காசில்லாமல் நடத்தியிருந்தார்.

அடுத்த வருடம் வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த இரண்டாம் நாள், குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகளுக்கு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். நான் எதையோ பேசி, எப்படியோ அந்த போனுக்கு வந்துவிட்டேன். "அன்னிக்கு நீங்க மூடியிருக்கலாம்க்கா" என்றேன். மன்னிப்புக் கேட்பதாக எனக்கு நினைப்பு.

அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார்.

"நீதான தம்பி தொறக்கச் சொன்ன?"

நான் அப்படிச் சொல்லவில்லை, உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னேன் என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்லி என்ன நிரூபிக்கப் போகிறேன்? அவர் கோபமாகவும் இல்லை. பேர்ணாம்பட்டு பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரு எங்கிட்டதான் கீது. தெனம் கையெழுத்துப் போட்டு வெச்சிக்கீறேன். யார்கிட்ட குடுக்கறது?"

வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்தப் பார்ட்னர் நிறுவனமே அப்போது இல்லை. எங்கள் ஃபைலும் எப்போதோ மூடியாகிவிட்டது.

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.